மறைவுத் திகதி இல்லாத அஞ்சலி

யாழ்ப்பாணத்தில் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் அச்சிடும் கடையொன்றுக்கு வடிவமைப்பாளர் வேலை கேட்டுப் போனேன். முதலாளி எதையும் ஒற்றைக் கண்ணை மூடித்தான் பார்ப்பார். நான் சரிந்து நிற்கிறேனோ என்பதுபோல என்னையும் அப்படியே பார்த்தார்.

"செய்து முடிச்ச வேலை ஏதும் இருக்கோ, தம்பி?"

செய்து பழக வேறு படம் கிடைக்காமல், என் படத்தையே வைத்துச் செய்த அஞ்சலி ஒன்றுதான் கைபேசியில் இருந்தது. காட்டினேன்.

"பிறந்த திகதி இருக்கு, மறைவுத் திகதியைக் காணேல்லை. ஏன் முடிக்கேல்லை?"

"முடிச்சிருந்தால் வேலைக்கு வந்திருக்க ஏலாது, அண்ணை."

மூடிய கண்ணும் திறந்துகொண்டது. கண்ணீர் வரும்வரை சிரித்தார். "நாளைக்கே வாரும்."

அன்று என் கைபேசியிலிருந்து கேட்டு வாங்கிய அந்த அஞ்சலி இன்னும் அவர் கணினியில் இருக்கிறது. அழிக்கச் சொன்னால், "அவசரப்படாதையும், திகதி மட்டும்தானே போடவேணும்" என்கிறார். பாசத்தில்தான் சொல்கிறார் என்று நம்புகிறேன்.