வெந்நீர் அண்ணன் வீட்டு விருந்தாளிகள்

அடுப்பின் இரும்புக் கதவைக் காலால் தள்ளித் திறந்து, இரண்டு கட்டைகளை உள்ளே செருகி, "போதுமா மகாராணி, இல்ல இன்னும் பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர்போலத் தலையைச் சாய்த்துக்கொள்கிறார் வெந்நீர் அண்ணன். மகாராணி என்பது கொதிகலன். அதன் வயிற்றுக்குள் தண்ணீர் முனகத் தொடங்கிய பிறகுதான் அவர் முதல் தேநீரைத் தொடுவார்.

மலையுச்சிக்குச் சற்றுக் கீழே, காட்டுக்கு நடுவில் இருக்கிறது அந்த விடுதி. பன்னிரண்டு அறைகள். கடைசி ஊரிலிருந்து வண்டியில் இரண்டு மணி நேரம். மின்சாரம் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. ஆகவே வெந்நீர் என்றால் விறகு, விறகு என்றால் இவர். பதினாறு வருடமாக இதுதான் வேலை. வயது ஐம்பதை ஒட்டி இருக்கலாம். இடது புருவம் பாதிதான் இருக்கிறது, மீதியை நெருப்பு எடுத்துக்கொண்டது. "கேட்டுட்டா எடுத்துச்சு?" என்பார்.

சுவரோரம் ஓடும் குழாய்களின் சத்தத்தை வைத்தே எந்த அறையில் குளியல் நடக்கிறது, எத்தனையாவது வாளி என்று சொல்லிவிடுவார். மனிதர்களை எடைபோடுவதும் அதை வைத்துத்தான். "குழாயைத் தொறந்து விட்டுட்டுப் பல்லு தேய்க்கிறவனுக்குப் பொண்ணு குடுக்கக் கூடாது சார்." ஏழாம் எண் அறையில் பத்து நாள் தங்கியிருந்த நான் அன்றிலிருந்து ஒரு குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் பல் தேய்த்தேன். அவர் குளிப்பதோ ஓடையில், பச்சைத் தண்ணீரில். ஏன் என்று கேட்டதற்கு, "மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாயா திங்கறான்?" என்றார்.

அவருடைய மனைவி கடல் தாண்டி, வேறொரு நாட்டில், படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். பெண்கள் இருவர். மூத்தவள் கல்லூரி, இளையவள் பள்ளிக்கூடம். கீழே நகரத்தில், பெரியம்மா வீட்டில் இருந்து படிக்கிறார்கள். குடும்பம் மூன்று திசையில். மனைவிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பு கிடைக்கும். அப்போது இவர் கீழே இறங்கிப் போவது வழக்கம். இந்த முறை விடுப்பு விடுதி நிரம்பி வழியும் மாதத்தில் வந்துவிட்டது, மகாராணியை விட்டு நகர வழியில்லை. விடுதி மேலாளர்தான் வழி சொன்னார்: எட்டாம் எண் அறை மூன்று நாள் காலியாக இருக்கிறது, அவர்கள் இங்கே வந்து தங்கட்டும்.

அதைக் கேட்டதிலிருந்து அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மான்கள் தண்ணீருக்கு வரும் பாறை, அருவிக்குப் போகும் குறுக்குப் பாதை, சூரியன் இறங்கும் முனை என்று எதை எந்த நாளில் காட்டுவது என்பதை என்னிடம் நாலைந்து முறை மாற்றி மாற்றிச் சொன்னார். ஒருநாள் விறகு பிளந்துகொண்டிருந்தவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"இந்தத் தடவை கேட்டுடப் போறேன் சார். போதும், வந்துடுன்னு. போன்ல கேட்டா 'பாப்போம்'னு வச்சுடுவா. மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்."

வேனிலிருந்து முதலில் இறங்கியது இளையவள். "அப்பா, இங்க சிக்னல் கிடைக்குமா?" என்றாள். பிறகு மூத்தவள். கடைசியாக, தோளில் பெரிய பையோடு, சிறிய உருவமாக அந்த அம்மாள். அண்ணன் பையை வாங்கி வலது கைக்கும் இடது கைக்குமாக மாற்றிக்கொண்டே நின்றார்.

"இளைச்சுட்டீங்க," என்றார் மனைவி.

"நீ மட்டும் என்னவாம்?"

இரண்டு வருடத்துக்குச் சேர்த்து அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்ததும், ஐந்து நிமிடம் சாய்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அறைக்குள் போனார். அண்ணன் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு எட்டாம் எண் வாசலில் உட்கார்ந்தார். சூரியன் அந்த முனையில் தன்பாட்டுக்கு இறங்கிப் போனது. கதவு திறக்கவில்லை.

மறுநாள் காலை, சாப்பாட்டுக் கூடத்தின் மணி அடித்ததும், உள்ளிருந்து பதறிய குரல் எனக்கே கேட்டது: "இதோ வந்துட்டேன்... இதோ..." கட்டிலிலிருந்து எழுந்து செருப்பைத் தேடியிருக்கிறார். எங்கே இருக்கிறோம் என்று புரியச் சற்று நேரம் ஆனதாம். மூத்தவள்தான் வெளியே வந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அந்தக் கிழவியின் தலைமாட்டில் ஒரு மணி இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அது அடிக்கும். அம்மா தொடர்ந்து தூங்கி இரண்டு வருடமாகிறது.

"எங்கிட்ட சும்மா கூட இருக்கற வேலைதான்னு சொன்னாளே," என்றார் அண்ணன்.

"எங்ககிட்டயும்தான் சொன்னாங்க. பெரியம்மா வீட்டுல ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சு நின்னாங்கப்பா. அப்பதான் கேட்டேன்."

அண்ணன் நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், மணியின் நாக்கில் துணியைச் சுற்றிக் கட்டினார். இரண்டு நாளைக்கு மணி கிடையாது, பசித்தவர்கள் தாமாக வருவார்கள் என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டார். சமையல்காரர் எரிந்து விழுந்தார், ஆனால் அவிழ்க்கவில்லை. தகரக் கூரையில் குதிக்கும் குரங்குகளுக்கு அண்ணன் பின்பக்கம் தூரமாகப் பழத்தோல் போட்டு வைத்தார். வாசலில் உரக்கப் பேசிய ஒரு கூட்டத்தை, அந்தப் பக்கம் கரடி நடமாட்டம் என்று சொல்லி நகர்த்திவிட்டதும் எனக்குத் தெரியும். மான் பாறைக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர் பாதி வழியில் அவர்களைக் காட்டு வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். "முழிச்சா ஆள் வேணும் சார்."

மூன்றாம் நாள் காலை நான் கொதிகலன் அறையில் அவரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். குழாய் ஒன்று திடீரென்று கரகரத்தது. அண்ணன் கையை உயர்த்தி, பேச வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினார். "எட்டு," என்றார். சுவரில் காதை வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் சத்தம் நின்றது. "ஒரே வாளி. சிக்கனத்தப் பாரு," என்று குழாயைப் பார்த்துச் சொன்னார். "இன்னொண்ணு ஊத்திக்கம்மா, எவ்ளோ இருக்கு." மூன்று கட்டைகளைக் கூடுதலாகத் தள்ளினார். குழாய் மறுபடி கரகரத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அன்று பிற்பகல் இருவரும் எட்டாம் எண் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். என் ஜன்னல் திறந்திருந்தது. மூடியிருக்கலாம், மூடவில்லை. அந்த அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளையும் தூங்கியே தீத்துட்டேன். கோவமா?"

"இல்ல." அண்ணன் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "போதும். வந்துடு."

உரிக்கும் கை நின்றது. "பெரியவளுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. முடிஞ்சதும் வந்துடறேன்."

"போன தடவையும் ஒரு வருஷம்னுதான் சொன்ன."

"போன தடவை நானாவே சொன்னது. நீங்க நேர்ல கேக்கவே இல்ல." ஒரு சுளையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "இப்ப நீங்க கேட்டிருக்கீங்க."

அண்ணன் அந்தச் சுளையை வாயில் போடாமல் நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலை மூடுபனிக்குள் வேன் கிளம்பியது. முதல் வளைவில் விலங்குகள் விலகட்டும் என்று வாசலைத் தாண்டும்போதே ஒரு நீண்ட ஹாரன் கொடுப்பது ஓட்டுநரின் பழக்கம். வாசற்கம்பத்தருகே நின்றிருந்த அண்ணன் கையாட்டுவதற்காகக் கையை உயர்த்தினார். ஜன்னலோரம் மூத்தவளின் தோளில் தலை சாய்த்து அந்த அம்மாள் அதற்குள் கண்ணயர்ந்திருந்தார். ஓட்டுநரின் கை ஹாரனை நோக்கி நகர்ந்தது. அண்ணன் உயர்த்திய கையை அப்படியே ஓட்டுநர் பக்கம் திருப்பி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி, காற்றை மெல்ல மெல்ல அமுக்கிக் காட்டினார்.