“போ” என்று சொன்னவள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருட்டும் உயரமும் பழகிப்போனவை. அடுக்குமாடிக் கட்டடங்களின் குழிக்குள், லிஃப்ட்டின் கூரைமேல் நின்றபடி பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கம்பிவடத்துக்கு எண்ணெய் போடுவான். அப்படிப்பட்டவனையே அந்த வாரம் பயம் பிடித்துக்கொண்டது. நான்கு வயது மகள் வாயே திறக்கவில்லை.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றுதான் பெயர். கண் விழித்ததும் தொடங்கினால் தூங்கும்வரை ஓயமாட்டாள். அவள் அம்மா சமையலறையில் வலிப்பு வந்து விழுந்து, ஆம்புலன்ஸில் போன நாளிலிருந்து ஒரு சொல் கிடையாது. எப்போதோ விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பி வந்தது. கட்டைவிரல் எந்நேரமும் வாய்க்குள். மனைவிக்கு என்ன நோய் என்று ஆஸ்பத்திரியில் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். அதுவே மகளையும் பிடித்துவிட்டதோ என்று அவளை டாக்டரிடம் தூக்கிப்போனான்.

குழந்தை டாக்டர் காது, தொண்டை எல்லாம் பார்த்தார். உடம்பில் குறையில்லை, எதற்கோ பயந்திருக்கிறாள், அவள் விளையாடும்போது பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள் என்றார்.

மறுநாள் மத்தியானம் அவன் தூங்குவதுபோல் பாயில் கிடந்தான். மகள் பொம்மையைத் தரையில் சாய்த்து, துண்டைப் போர்த்தினாள். பிறகு அதன் காதில் கிசுகிசுத்தாள்.

“நான் போன்னு சொன்னேன்ல. அதான் விழுந்துட்ட.”

சொன்ன கையோடு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அம்மா விழுந்த அன்று காலை தலைவாரும்போது சிக்கு இழுத்ததில், “நீ எனக்கு வேணாம், போ” என்று அம்மாவிடம் கத்தியிருந்தாள். அவன்கூடச் சிரித்தான். அம்மா நிஜமாகவே போய்விட்டாள். இத்தனை நாளும் குழந்தை அந்தப் பழியைச் சுமந்திருக்கிறாள். தன் சொல் அடுத்து யாரைத் தள்ளிவிடுமோ என்றுதான் வாயைப் பூட்டியிருக்கிறாள்.

நோயால்தான் அம்மா விழுந்தாள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அவள் விரலை இன்னும் ஆழமாகச் சப்பினாள். டாக்டரைப் போனில் பிடித்தான்.

“இந்த வயசுப் பிள்ளைங்க, தாங்க நெனச்சதாலதான் எல்லாம் நடக்குதுன்னு நம்புவாங்க. நீங்க வாயால சொன்னா ஏறாது. அவளே பாக்கணும்.”

அவன் மகளை மடியில் உட்காரவைத்து, முக்காலியிடம் போ என்று சொல்லச் சொன்னான். வெகுநேரம் கழித்துக் காற்றாய் ஒரு “போ” வந்தது. முக்காலி நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு பொம்மை. பிறகு அவன் செருப்பு.

“இப்ப அப்பாவைச் சொல்லு.”

அவள் அவன் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சொன்னாள்.

“போ.”

ஒன்றும் ஆகாது என்று தெரிந்த அவனுக்கே ஒரு கணம் நெஞ்சு நின்றுபோனது. அவள் கண் திறந்து அவன் மூக்கைத் தொட்டாள், காதைத் தொட்டாள். பிறகு ஓவென்று அழுதாள்.

“அம்மா எப்ப வருவா?”

“தெரியலடா கண்ணு. ஆனா நீ சொன்னதால போகல.”

மருந்தில் வலிப்பு அடங்கி, மனைவி மெலிந்துபோய் வீடு திரும்பினாள். மகள் அம்மாவின் பக்கத்தில் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடி அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

“நான் பேசலாமா?”

அவன் சரியென்று தலையசைத்தான். மகள் பேசி முடிக்கும்வரை, மனைவி மறுபடி விழுந்துவிடுவாளோ என்று அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்க அவனுக்குத் துணிவு வரவில்லை.