மைக்செட்காரர் வயரைப் பிடுங்கிய கதை

கேட்டுக்கொள்ளுங்கள், இதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. சரி சரி, முறைக்காதீர்கள். பள்ளிக்கூட கேட் திறக்கிற வரைக்கும் நின்று நின்று கால் வீங்குகிற அப்பா அம்மாக்களுக்குக் கதை சொல்லும்போது கொஞ்சம் இழுத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சிரிப்பு வருகிற இடத்தில் இழுத்திருப்பேன். எரிச்சல் வருகிற இடமெல்லாம் அப்படியே நடந்தது.

நம் மைக்செட்காரரைத் தெரியுமே. அவர் தொண்டையைச் செருமினால் நாலு தெரு தள்ளித் தூங்குகிற பூனை எழுந்து உட்காரும். கடை முழுக்கக் குழாய் ஸ்பீக்கரும் பெட்டி ஸ்பீக்கரும் சிக்குப் பிடித்த வயரும்தான். சத்தத்தை வாடகைக்கு விட்டுச் சாப்பிடுகிற மனுஷன். அப்பேர்ப்பட்டவருக்குச் சத்தமே ஆகாத ஒரு மகள் பிறந்தாள். டாக்டர் ஆட்டிசம் என்றார். "நமக்குச் சாதாரணமா இருக்கற சத்தம் அவளுக்கு ஊசியால குத்தற மாதிரி இருக்கும், பாத்துக்குங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தத்துக்கு ஊரடங்கு. குக்கர் பரணுக்குப் போனது. மிக்ஸி போடுவதற்கு முன், "இப்ப அரைக்கப் போறேன் பாப்பா" என்று சொல்லி, அவள் கொல்லைப்பக்கம் போன பிறகுதான் சுவிட்ச். புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் கிசுகிசுப்பில்தான். பக்கத்து வீட்டார் காதல் பேச்சு என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தம்மா அவர் பரம்பரையையே கழுவி ஊற்றிக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சரம்மா தங்கமானவர். பாப்பாவுக்குக் கயிறு என்றால் உயிர். அதைக் கவனித்து, ஆண்டு விழாவில் மேடைத் திரையை இழுக்கிற வேலையை அவளுக்கே கொடுத்தார். காலி மேடையில் பழக்கினார். எப்போது இழுக்க வேண்டும் என்று படம் வரைந்து காட்டினார். காதுக்குக் கம்பளியில் மூடி தைத்துக் கொடுத்தார். பாப்பா இழுத்தால் திரை வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகும். வீட்டிலும் ஜன்னல் துணியை இழுத்து இழுத்துக் கந்தலாக்கினாள். "பாப்பாதான் திறக்கும், பாப்பாதான் திறக்கும்." பொழுதுக்கும் அதே பேச்சு. கேட்கக் கேட்க மைக்செட்காரருக்கு நெஞ்சு பூரித்து, சட்டைப் பொத்தான் தெறித்து எதிர்வீட்டுக் கண்ணாடி உடைந்தது. சரி, இது இழுத்தது.

விழாவுக்கு மைக்செட்டும் அவர்தான். அங்கே தலைமை ஆசிரியரைப் பெரிய சார் என்பார்கள். தொப்பை முதலில் வந்து கையெழுத்துப் போடும், அப்புறம் அவர் வருவார். அவர் மைக்செட்காரரைக் கூப்பிட்டார்.

"இன்னொரு குழாய் கட்டுப்பா. ரோட்டுல போறவனுக்கும் நம்ம ஸ்கூல் பேரு கேக்கணும். பின்னாடி விளையாட்டுச் சாமான் ரூம் ஜன்னல்ல கட்டிடு."

"அந்த ரூமே அதிரும் சார்."

"அதிரட்டுமே! உள்ள யாரு இருக்கப்போறா, பந்துதான் இருக்கும்."

ஏணி போட்டு ஏறி, ஜன்னல் கம்பியோடு சேர்த்து ஆடாமல் அசையாமல் அவரே கட்டினார்.

விருந்தினர் வந்தார். திரை விலகியது. திக்கித் திக்கி நகர்ந்து, பாதியில் சிக்கி, ஒரு உதறு உதறி விலகியது. மைக்செட்காரர் ஆம்ப்ளிபயரை விட்டுக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கயிற்றைப் பிடித்து நின்றது வாட்ச்மேன்.

"என் பொண்ணு எங்கய்யா?"

"அண்ணே, என்னைத் திட்டாதீங்க. டீச்சரம்மாவைக் கெஸ்டை வரவேற்க வாசலுக்கு அனுப்பிட்டு, பெரிய சார்தான் சொன்னாரு. பாப்பா கத்தி கித்தி வச்சா அசிங்கமாம். பின்னாடி ரூம்ல விட்டுப் பூட்டிருக்கு. ஃபேன்லாம் போட்டுதாண்ணே இருக்கு."

பின்னாடி ரூம்.

அவர் உடனே ஓடவில்லை. முதலில் வயரைப் பிடுங்கினார். "நமது பள்ளியின் பெரும..." என்ற பெரிய சாரின் குரல் அங்கேயே அறுந்தது. அப்புறம்தான் வாட்ச்மேனிடம் சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினார்.

பாப்பா உயரம் தாண்டுகிறவர்கள் விழும் மெத்தைக்கு அடியில் கிடந்தாள். கம்பளி மூடி எங்கோ கிடந்தது. இரண்டு காதிலும் நகக்கீறல். அந்த நேரத்தில் யார் தொட்டாலும் அவளுக்கு ஆகாது. அதனால் தூக்கவில்லை. எட்டத் தரையில் உட்கார்ந்தார். மேலே ஜன்னலில் அவர் போட்ட முடிச்சு இறுக்கமாக இருந்தது.

பெரிய சார் மூச்சு வாங்க வந்தார். "என்னப்பா, விளையாடறியா? கெஸ்ட் உக்காந்திருக்காரு. லைனைக் குடு."

"ஏன் சார் பூட்டுனீங்க?"

"அவ நல்லதுக்குத்தான்பா. இவ்வளவு கூட்டத்துல பயந்துடுவால்ல?"

"பயந்துடுவான்னு குழாய்க்கு அடியில வச்சீங்களா?"

"அது... அது தோணலை."

"பந்துதான் இருக்கும்னீங்களே. என் பொண்ணு பந்தா சார்?"

கத்தவில்லை. சத்தத்தை விற்கிற அந்த மனுஷன், மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. "திரையை மறுபடி மூடுங்க. பாப்பா வந்து திறக்கட்டும். அப்புறம் லைன் குடுக்கறேன்."

பெரிய சார் உடனே குனிந்து குழைந்தார். "வாம்மா, வந்து இழு கண்ணு."

பாப்பா மெத்தையை இன்னும் கீழே இழுத்து மூடிக்கொண்டாள். "பாப்பா திறக்காது. பாப்பா திறக்காது."

அவ்வளவுதான். மனைவியை வரச்சொல்லி மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மைக்செட்காரர் ஏணியை எடுத்தார். ஒவ்வொரு குழாயாக அவிழ்த்து வண்டியில் ஏற்றினார். மேடையில் ஜிகினா சட்டை போட்ட பிள்ளைகள், பாட்டு வரும் வரும் என்று கையைத் தூக்கியபடி நின்றார்கள். வரவில்லை.

"நிறுத்துங்க உங்க கதையை!" கேட் வாசலில் கதை கேட்டு நின்ற தையல்கார அக்கா முன்னால் வந்துவிட்டார். "அப்படிக் கையைத் தூக்கிட்டு நின்னதுல என் பொண்ணும் ஒருத்தி. அழுது அழுது காய்ச்சல் வந்துது. அவ என்ன பாவம் பண்ணா?"

"உங்க பொண்ணைப் பூட்டிருந்தா, நீங்க பாட்டுப் போட்டு ரசிச்சிருப்பீங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பூட்டினவரைப் போய்க் கேக்கறதுதானே? பிஞ்சுங்க மேல காட்டறதா கோவத்தை?"

"நீங்க கேட்டீங்களா? அந்தாளு இன்னிக்கும் அதே சீட்லதான் உக்காந்திருக்காரு!"

"நீ மட்டும் கேட்டுக் கிழிச்சியா?"

"யக்கா, மரியாதையாப் பேசுங்க!"

"பேச மாட்டேன்! என்னய்யா பண்ணுவே? மொதல்ல உன் வண்டியை வாசல்லேர்ந்து எடு!"

"எடுக்க முடியாது, போ!"