மெஹ்ரூன் ஆபாவின் ரங்கூன் கீரை

செய்தி சுவர்க்கதவு வழியாகத்தான் வந்தது. ஆபாவுக்கான கஞ்சிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்தவர் ஆபாவின் நாத்தனார். "போய்ட்டாங்கம்மா, விடியறப்ப," என்றார். காய்ச்சல் தணிந்துவிட்டதாக முதல்நாள்தான் சொல்லியிருந்தார்கள்.

ஆம்பூரில் மெஹ்ரூன் பேகத்தைத் தோல் மண்டிக்காரர் மனைவியாகப் பலர் அறிவீர்கள். எனக்கு அவர் கொல்லைப்புறத் தோழி. கோஷா முறையில் வாழ்ந்தவர்; தெருவழியாக எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. இரண்டு கொல்லைகளுக்கும் நடுவிலிருந்த சிறு கதவுதான் எங்கள் வீதி. அவர் வீட்டார் அக்காவை ஆபா என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

மண்டியில் தோல் பதனிட்டுச் சாறு போன ஆவாரம் பட்டையை மக்கவைத்து, பழைய மரப்பெட்டிகளில் நிரப்பி அதில் கீரை போடுவார். தோல் வியாபாரமாக ரங்கூன் போய்வரும் தம்பி ஒரு சீனத் தோட்டக்காரரிடம் வாங்கி வந்த விதை அது. பார்வைக்குக் கடுகேதான். இலையோ அகலமாகச் சுருண்டு வளரும். பச்சையாகக் கடித்தால் காரம் மூக்குக்கு ஏறும். வெங்காயமும் உப்பும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசறுவார்.

எனக்கென்று அவர் தந்த முதல் விதைப் பொட்டலத்தை என் மாமியார் கடுகென்று எண்ணி ரசத்துக்குப் போட்டுவிட்டார். அழாத குறையாகப் போய்ச் சொன்னேன். ஆபா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடியம்மா! ரங்கூனையே தாளிச்சுட்டாங்களா? ரசம் எப்படி இருந்துச்சு?"

"காரம் ஜாஸ்தி!" என்று அடுப்படியிலிருந்து மாமியார் பதில் கொடுத்தார்.

மறுபடி தந்த விதையை ஆபாவே துணியில் முடிந்தார். "இத சமையல்கட்டுல வெக்காதே. தொட்டில் கயித்துல கட்டு. அங்க யாரும் தாளிக்க வரமாட்டாங்க."

அந்தத் தொட்டிலில் கிடந்த என் மகன் ஒன்றரை வயதில் சோற்றை வெறுத்தான். விலா எலும்பு தெரிந்தது. கல்லூரியில் உடற்கூறு படித்தவள் நான். அந்தப் படிப்பு என் பயத்துக்குப் பெயர்கள் தந்ததே தவிர, அவன் வாயைத் திறக்க உதவவில்லை. பிள்ளை தங்கமாட்டான் என்றே நடுங்கினேன்.

"கெஞ்சாதேம்மா," என்றார் ஆபா. "பயத்தப் பிசைஞ்சு ஊட்டினா யார் துன்னுவாங்க?"

அவன் எதிரில் பாய் போட்டு உட்கார்ந்தார். அவனைப் பார்க்காமல், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, நறுக் நறுக்கென்று கீரையை மென்றார். அவன் தவழ்ந்து போய்க் கையை நீட்டினான். ஆபா இலை நுனியைக் கிள்ளித் தந்தார். வாயில் வைத்தவன் வீறிட்டான், நான் பாய்ந்தேன். "பேஜாராவாதே, இரு," என்று என் முந்தானையைப் பிடித்தார். கன்னத்தில் நீர் காயுமுன் அவன் மறுபடி கையை நீட்டினான். அன்று தயிர்ச்சோறும் இறங்கியது. பிறகு அவன் தேறினான்; இப்போது பள்ளிக்குப் போகிறான்.

தொட்டில் கயிற்றில் அந்த முடிச்சு இன்னும் இருக்கிறது. விதைத்ததுபோக எஞ்சியது. ஆபாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அவரை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பிய பகலில், தட்டின் முன் உட்கார்ந்திருந்தேன். "ஒரு வாயாச்சும் துன்னும்மா," என்று மாமியார் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார். கொல்லையிலிருந்து மகன் ஒரு ரங்கூன் கீரை இலையோடு வந்தான். என் எதிரில் உட்கார்ந்தான். என்னைப் பார்க்காமல், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, நறுக் நறுக்கென்று மென்றான்.

சற்று நேரம் பொறுத்தேன். பிறகு கையை நீட்டினேன்.