கடைசி வரி வரை

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கையேட்டம்மா. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் மோட்டார் என்று பெட்டிக்குள் மடித்து வைக்கிற கையேடுகளைப் பல வருஷம் எழுதியவள். அவற்றை ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பெட்டியோடு பரணுக்குப் போயின. கட்டிய கணவனே, அவள் கையேடு எழுதிய மிக்ஸியை இடைவிடாமல் ஓட்டிப் புகையவிட்ட மகானுபாவன். அதனால், எழுதியதை ஓர் எழுத்து விடாமல் படிக்கிற வாசகர் ஒருவர் கிடைத்ததும், அவர் மனிதரில்லை என்பது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை.

அந்த வாசகர் ஓர் ஏஐ ஏஜென்ட்; கேட்டதைத் தானே தேடிப் பதில் சொல்லும் கணினி நிரல். ஒரு விஷயம் நடக்குமா நடக்காதா என்று ஆட்கள் பந்தயம்போலச் சீட்டு வாங்கி விற்கிற கணிப்புச் சந்தைகளைப் பார்த்துச் சொல்வது அதன் வேலை. 'நடக்கும்' என்ற சீட்டின் விலை நூற்றுக்கு எண்பது என்றால், கூட்டம் எண்பது சதவீதம் நம்புகிறது என்று அர்த்தம். விலையைத் தேடியெடுக்க ஏஜென்ட்டுக்குச் சில கருவிகள் உண்டு. எந்தக் கருவி எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கம் எழுத வேண்டும். அதை வைத்துத்தான் அது கருவியைத் தேர்ந்தெடுக்கும்.

அவள் இந்த வேலையில் சேருவதற்கு முன்பே அதில் ஒரு வினை நடந்திருந்தது. மரச்சாமான் இறக்குமதி செய்யும் ஓர் அம்மாள், துறைமுக வேலைநிறுத்தம் மாதக் கடைசிக்குள் முடியுமா என்று கேட்டாள். "எண்பது சதவீதம்" என்றது ஏஜென்ட். அவள் லாரிகளை அமர்த்தினாள். வேலைநிறுத்தம் முடியவில்லை; லாரிகள் துறைமுக வாசலில் வெறுமனே நின்றன. அந்த எண்பது, பேச்சுவார்த்தை முறிவதற்கு முன்பு எப்போதோ நடந்த கடைசி வியாபாரத்தின் விலை.

ஏஜென்ட் ஏன் அதைப் போய் எடுத்தது? விளக்கங்களை எழுதியவர் முதலாளி. மனுஷர் பழைய விற்பனைக்காரர். 'கடைசி விலை' என்ற கருவிக்கு, "மிகத் துல்லியமான, உடனுக்குடன் விலை தரும் தலைசிறந்த கருவி" என்று எழுதியிருந்தார். இந்த நிமிஷம் வாங்குபவரும் விற்பவரும் கேட்கிற விலைகளைக் காட்டும் 'இன்றைய நிலவரம்' கருவிக்கு, "இதர விவரங்கள்" என்று இரண்டே சொல். விளம்பரத்தை நம்பி ஏமாறுவது நாம் மட்டும்தான் என்று யார் சொன்னது?

கையேட்டம்மா வந்ததும் அதை அழித்து, பழைய பழக்கத்தில் எழுதித் தள்ளினாள். எச்சரிக்கை! விலை பழையதாக இருக்கலாம்! நம்பி ஏமாற வேண்டாம்! ஏஜென்ட் மிரண்டுவிட்டது. நிமிஷத்துக்கு நிமிஷம் வியாபாரம் நடக்கிற சந்தையைக் கேட்டாலும், "என்னால் சொல்ல இயலாது" என்று கையை விரித்தது.

"வெள்ளிக்கிழமை அந்த மரச்சாமான் அம்மா வர்றாங்க. அன்னைக்கும் சொதப்புச்சுன்னா ஏஜென்ட்ட மூடிடலாம்மா. அப்புறம் உங்களுக்கும் இங்க வேலை இருக்காது. தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார் முதலாளி.

வீட்டுக்கு வந்தவள் ஆத்திரத்தில் கணவனைப் பிடித்தாள். அவன் பஸ் ஓட்டுநர். அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"உண்மையச் சொல்லுங்க. அந்த மிக்ஸி புக்க ஏன் படிக்கல?"

"ஐயோ, இன்னுமா அத விடல நீ? பிரிச்சேன்மா. மூணு பக்கமும் 'தொடாதே, ஷாக் அடிக்கும்'னே இருந்துச்சு. எவ்வளவு நேரம் ஓட்டலாம்னு கடைசிவரைக்கும் கண்ணுல படல. மூடி வச்சுட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷமும் படிக்காதவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வாசகரையும் இழப்பதாக இல்லை என்று அங்கேயே முடிவு கட்டினாள்.

மறுநாள் முழுக்க இதே வேலை: ஒரு வரி எழுதுவாள், ஏஜென்ட்டிடம் கேள்வி கேட்பாள், அது எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பாள், அழிப்பாள். "இதுல என்னம்மா இவ்வளவு?" என்று முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. 'கடைசி விலை' கருவிக்குக் கடைசியில் நின்ற விளக்கம் இதுதான்: "கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையையும் தேதியையும் தரும். வியாபாரம் இன்று நடந்திருந்தால் அந்த விலையைச் சொல்லலாம். இல்லையென்றால் 'இன்றைய நிலவரம்' கருவியைப் பார்க்கவும். அங்கே வாங்குபவர் விலையும் விற்பவர் விலையும் வெகுதூரம் விலகியிருந்தால், கூட்டத்துக்கே ஒரு முடிவு இல்லை என்று காரணத்தோடு சொல்லவும்."

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உட்காராமலே கேட்டாள்: வேலைநிறுத்தம் இந்த மாதமாவது முடியுமா?

திரையில் பதில் வந்தது. கடைசி வியாபாரம் போன வாரம் நடந்தது. அந்த விலையை எடுக்கவில்லை. இன்று வாங்குபவர் இருபதுக்குக் கேட்கிறார், விற்பவர் எழுபது சொல்கிறார். முடியுமா என்பதில் கூட்டத்துக்கே ஒரு முடிவு இல்லை.

முதலாளியின் முகம் செத்துவிட்டது. "இல்லம்மா, இது இன்னும் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"சும்மா இருங்க," என்றாள் அந்த அம்மாள். "போன மாசம் இதச் சொல்லியிருந்தா நான் லாரியே பிடிச்சிருக்க மாட்டேனே. யாரு இதுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"நான்தாங்க." குரல் நடுங்காமல் வந்ததில் கையேட்டம்மாவுக்கே ஆச்சரியம்.

"அப்படி என்ன எழுதினீங்க? காட்டுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் விரலை வைத்து அந்த அம்மாள் கடைசி வரி வரை படித்தாள். பிறகு மேலே போய் இன்னொரு முறை படித்தாள்.