அருகம்புல்லுக்காக ஓங்கிய கை

அறுபதுகளின் கடைசியில், பள்ளத்தூரை அடுத்த ஒரு தோட்ட வீட்டை நான் பராமரித்துக்கொண்டிருந்தேன். முதலாளி மலேசியாவில் இருந்தார். வீட்டைச் சுற்றி அருகம்புல் பதித்திருந்தேன். அதற்கு அதிகத் தண்ணீர் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

ஒரு மத்தியானம் வெளியே போய்த் திரும்பினால், நான் பூட்ட மறந்த கேட் வழியாக ஆடுகள் புகுந்து மேய்ந்துகொண்டிருந்தன. எனக்குக் கண்மண் தெரியாத கோபம். மண்வெட்டிக் காம்பால் எதிரே நின்ற ஆட்டை அடித்தேன். அதன் கால் முறிந்தது. ஆட்டுக்காரர் சோலை ஓடிவந்து குறுக்கே விழுந்தார். அடுத்த அடி அவர் மண்டையைப் பிளந்தது.

கண்ணில் ரத்தம் வழிய, ஆட்டைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “செனை ஆடுய்யா. அத விட்டுருங்க, என்னைய அடிங்க.”

காம்பு கையிலிருந்து நழுவியது. வண்டி பிடித்து அவரைக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் கேட்டதற்கு, “கெணத்து மேட்டுல விழுந்துட்டேங்க” என்றார் சோலை.

ஆடு குட்டியை இழந்தது. புல்லோ பத்தே நாளில் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிட்டது.

மன்னிப்புக் கேட்கத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். தலையில் போட்ட கட்டோடு எழுந்து நின்று, அவர் முந்திக்கொண்டார்: “மேஞ்ச புல்லு வந்துருச்சாய்யா? மொதலாளி கடுதாசில ஒங்கள வைஞ்சாகளா?”

கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன். அவரை அடித்தது நான்தான் என்று இப்போதுதான் முதன்முறையாகச் சொல்கிறேன்.