எடையை வகுத்துவிட்ட பாண்டியன் சார்

பாண்டியன் சார் போய்விட்டார். நேற்றுக் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்...

போடியில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் பி.டி. வாத்தியார், நான் கணக்கு. ரிட்டயர் ஆன பிறகு என் வீட்டுக்கு அடுத்த தெருவில் பாக்ஸிங் கிளப் நடத்தினார்.

அவருக்கு ஒரு மனக்குறை. கூட்டம் கைதட்டுவதெல்லாம் ஹெவிவெயிட்டுக்குத்தான். "என் ஒல்லிப் பயலுக ஆடுறப்பதான்யா எல்லாரும் டீ குடிக்கப் போறாங்க" என்பார்.

அதற்காகவே ஒரு ஃபார்முலா உண்டாக்கினார். யாரை ஜெயித்தான், எப்படி ஜெயித்தான் என்று பாயிண்ட் போட்டு, அதை உடல் எடையை வைத்து வகுத்து, எல்லா எடைப் பிரிவுக்கும் சேர்த்து ஒரே ரேங்க்.

நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். ஏலக்காயை லிட்டர் பாத்திரத்தில் நிரப்பி நிறுத்துப் பார்ப்பார்கள் அல்லவா? காய் பெரிதா சிறிதா என்பதல்ல, உள்ளே விதை நிறைந்திருக்கிறதா என்பதுதான் பேச்சு. கிட்டத்தட்ட அதே மாதிரி.

அந்த ரேங்கில் முதலில் வந்தவன் ரஞ்சித். எஸ்டேட்டில் மருந்து அடிக்கிறவன், ஐம்பத்தொரு கிலோ. சார் வாட்ஸப்பில் லிஸ்ட் போட்ட அன்று கிளப் முழுவதற்கும் லட்டு வாங்கி வந்தான்.

வினை அங்கேதான்... பக்கத்தில் தேவாரம் ஊர் விழாக் கமிட்டி ஒன்று, அவனையும் தங்கள் ஊர் எண்பத்தைந்து கிலோ பாக்ஸரையும் நேருக்கு நேர் மோதவிடப் போவதாக அறிவித்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை.

போன வாரம் டீக்கடையில் கமிட்டிக்காரர் ஒருவரை சார் மடக்கினார். நானும் இருந்தேன்.

"நீங்க போட்ட லிஸ்ட்டுதான சார்? இப்ப நீங்களே பயந்தா எப்புடி?"

"அது எடையை வகுத்துட்டுப் போட்ட கணக்கு மாப்ளே. உங்காளு எடையை எங்கிட்டுக் கழட்டி வச்சுட்டு ரிங்குல ஏறுவான்? ஆணியிலயா?"

கடையே சிரித்தது. கமிட்டிக்காரரும் சிரித்தார். மேட்சை நிறுத்துகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் சார் குரலைத் தாழ்த்தினார். "ஒத்த குத்து போதும்யா, ரஞ்சித்துப் பய மண்டை தாங்காது. நான் போயி ரிங்குக்கு நடுவுல உக்காந்துக்கிறேன்."

இன்று அடக்கம் முடிந்து நானும் ரஞ்சித்தும் திரும்புகிறோம்... பஸ் ஸ்டாண்டு அருகே புது ஃபிளெக்ஸ். மாலை போட்ட சார் படம். கீழே 'பாண்டியன் சார் நினைவுப் போட்டி'. அதே ஞாயிறு. அதே இருவர்.

ரஞ்சித்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாமப்பா, சார் அந்தக் கணக்கை இதற்குப் போடவில்லை என்றேன்.

"சார் கணக்கு தப்புமா சார்? அவரு பேருல வேற வச்சிருக்காங்க. நான் ஏறலைன்னா அவருக்குல்ல அசிங்கம்?" அழுதுகொண்டே சொன்னான்.

நாளை விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே போய் அவன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். அவர் பேச்சையாவது கேட்பானா...

இதை எழுதும்போது கிளப்பிலிருந்து மணல் மூட்டையைக் குத்துகிற சத்தம் வருகிறது. ரஞ்சித்தான்.

போய் வாருங்கள், பாண்டியன் சார்.